பகுதி

நாரின் ஆற்றுக்கு மேலே எங்கள் மருத்துவமனை.
அறுபது கட்டில்.
போன வருடம் வரை கட்டிலுக்குத்தான் காசு.
நிரம்பினால் பணம், காலியென்றால் ஒன்றுமில்லை.
ஆகவே பனிக்காலத்தில்
தும்மியவரையெல்லாம் பத்து நாள் படுக்கவைத்தோம்.
குளுக்கோஸ் சொட்டியது.
ஜன்னலோரம் சீட்டுக்கச்சேரி நடந்தது.
நான் புள்ளிவிவர எழுத்தர்.
தலைகளை எண்ணி பிஷ்கெக்குக்கு அனுப்பினேன்.

இந்த வருடம் புதுப் படிவம்.
எத்தனை பேர் படுத்தார்கள் என்று கேட்கவில்லை,
எழுந்தவர் என்ன செய்கிறார் என்கிறது.
பக்கவாதம் வந்த ஆறாம் மாதம்
தானே பொத்தான் போடுகிறாரா?
மாவு பிசைகிறாரா?
குதிரைக்குச் சேணம் கட்ட
இன்னொரு கை வேண்டியிருக்கிறதா?
(கடைசிக் கேள்வி படிவத்தில் இல்லை.
நான் பென்சிலால் சேர்த்தது.)

பதில் நன்றாயிருந்தால் கூடுதல் தொகை.
"சைக்கால், போனை எடு" என்றார்
இயக்குநர் எஸென்கானொவ்.

கனிமெத் அக்கா எடுத்ததுமே கத்தினாள்:
ஒற்றைக் கையால் பால் கறக்கிறேன், மாடு உதைக்கிறது,
அப்புறம் கூப்பிடு!
எழுதினேன்: கறக்கிறார்.
பேருந்து ஓட்டிய ஓர்மொன், நலம், நலம் என்றார்.
பின்னாலிருந்து மனைவியின் குரல்:
பொய், தினமும் கரண்டி கீழே விழுகிறது.
இரண்டையும் எழுத நினைத்தேன்,
கட்டம் ஒன்றுதான் இருந்தது.

முப்பது பேர் பேசினார்கள்.
இருபத்தேழு பேர் தேறியிருந்தார்கள்.
நூற்றுக்குத் தொண்ணூறு!
இயக்குநர் மேசையைத் தட்டினார்.
சமையலறையில் மாவு பொரியும் வாசனை.

பின்னத்தில் கோட்டுக்கு மேலே தொகுதி,
கீழே பகுதி.
எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தோம்.
நாற்பத்தொரு பேருக்கு அழைத்திருந்தேன்.
எடுக்காத பதினொருவர்
கோட்டுக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை.
முகவரிகளைப் பார்த்தேன்.
கணவாய்க்கு அப்பால், கோபுரம் இல்லாத மேய்ச்சல் நிலம்.
பதினொருவரும் ஒரே பகுதி.

திங்கட்கிழமை மருந்து வண்டியில் ஏறிக்கொண்டேன்.
புல் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது.

நான்கு பேருக்கு
நான் மண்ணுக்குள் மணியடித்திருக்கிறேன்.
ஐந்து பேர் கம்பளிக் கூடாரங்களில் படுத்திருந்தார்கள்.
மருந்து என்னாச்சு என்றேன்.
கணவாய் மூடியது, தீர்ந்தது என்றார்கள்,
உப்பு தீர்ந்தது என்பதுபோல.
இன்னொருவர் எழுந்து நடமாடினார்.
ஜொலொயின் மனைவி
இரண்டு கம்பங்களுக்கிடையே
குதிரைமயிர்க் கயிறு கட்டியிருந்தாள்.
அதைப் பிடித்துப் பிடித்தே பனிக்காலம் முழுக்க நடந்தாராம்.
யார் சொல்லிக்கொடுத்தது?
யாரும் வரவில்லையே, என்றாள்.
அவர் என் எதிரிலேயே சேணம் கட்டினார்,
நேரம் எடுத்துக்கொண்டு,
வாரைப் பல்லால் கடித்து இழுத்து.

நாற்பத்தொன்றுக்கு இருபத்தொன்பது.
நூற்றுக்கு எழுபது, கொஞ்சம் கூட.

"இருபது போச்சு" என்றார் இயக்குநர்.
"எக்ஸ்ரே போச்சு. செவிலியருக்கு யார் பதில் சொல்வது?
நீயா?"
என்னிடம் பதில் இல்லை. என் தங்கையும் செவிலிதான்.

மூன்று நாள் தாள் அவர் மேசையில் கிடந்தது,
தேநீர்க் கோப்பையின் வட்டம் அதன்மேல்.
நான்காம் நாள் மருந்தாளரைக் கூப்பிட்டார்.
கணவாய் எப்போது மூடும்?
அக்டோபர் கடைசியில்.
மாத்திரை எத்தனை நாளைக்குக் கொடுக்கிறோம்?
விதிப்படி முப்பது.
விதி கணவாய்க்குத் தெரியுமா?

கையெழுத்துப் போட்டார்.
முகம் மட்டும் இன்னும் எக்ஸ்ரே எந்திரத்துக்கு
இரங்கல் சொல்லிக்கொண்டிருந்தது.

ஏழு பைகள். ஒவ்வொன்றிலும் ஆறு மாதம்.
வண்டியில் ஏற்றும்போது மருந்தாளர் பட்டியலை நீட்டினார்:
நாலு பேருக்குப் பை இல்லை,
பெயரை அடித்துவிடலாமே?

வேண்டாம், என்றேன்.
பகுதியில் இருக்கட்டும்.